ஊரடங்கு முடிந்தது... நம் வீட்டுக் கதவு திறந்ததா?

நான் மதுரையில் வசிக்கும் குடும்பத் தலைவி. பல வருஷமாக இந்தப் பகுதியைப் படித்து, மற்றவர்கள் எழுதுவதை ரசித்துக் கொண்டிருந்தவள். ரொம்ப நாளாக மனதை உறுத்திக் கொண்டிருக்கும் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று இன்று நானே பேனாவை எடுத்துவிட்டேன்.

போன தை மாதம், பூசக் கூட்டமெல்லாம் அடங்கின பிறகு, குடும்பத்தோடு பழனிக்குப் போயிருந்தோம். என் மாமியாருக்கு 68 வயது. முழங்கால் வலிக்காரர். "நான் யானைப் பாதையில மெதுவா வந்துடறேன். நீங்க படியில ஏறுங்க" என்று சொல்லிவிட்டார். என் கணவர் அவருக்குத் துணையாகப் போனார். நானும், பெரியவளும், அப்போது நாலாம் வகுப்புப் படித்துக் கொண்டிருந்த சின்னவனும் படியேறினோம்.

எண்பது படி ஏறியிருப்போம். சின்னவன் உட்கார்ந்துவிட்டான். "அம்மா, மூச்சு வாங்குதும்மா" என்றான். தண்ணீர் கொடுத்துக் கிளப்பினேன். இன்னொரு ஐம்பது படி. மறுபடி உட்கார்ந்தான். முகமெல்லாம் சிவந்து, காலைப் பிடித்துக் கொண்டு, "வின்ச்சுல போயிருக்கலாம்லம்மா" என்று அழவே ஆரம்பித்துவிட்டான். படியோரத்தில் போவோர் வருவோரெல்லாம் பார்க்கிறார்கள். கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண் எங்களைத் தாண்டி ஏறிப் போகிறாள். எனக்கு அவமானமாக இருந்தது.

ஒருவழியாக இழுத்துப் பிடித்து மேலே போய்ச் சேர்ந்தால், என் மாமியார் எங்களுக்கு முன்பே வந்து, பிராகாரத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார்! "ஏன்டா கண்ணா, கிழவி நானே வந்துட்டேன். நீ இப்பத்தான் வர்றியா?" என்று பேரனை மடியில் சாய்த்துக் கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "இவங்கப்பன் இந்த வயசுல இந்த மலைய ஒரே நாள்ல ரெண்டு தடவை ஏறி இறங்குவான்" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்குச் சுருக்கென்றது.

ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக டாக்டரிடம் அழைத்துப் போனேன். ரத்தம் குறைவோ, நெஞ்சில் ஏதாவது கோளாறோ என்று பயம். அவர் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்து, எடை, உயரமெல்லாம் பார்த்து, "பையனுக்கு ஒண்ணும் இல்லைம்மா" என்றார். "சாயங்காலம் எங்க போய் விளையாடுறான்?" என்று அவர் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. "வீட்டுலதான் சார்" என்றேன். "வீட்டுக்குள்ள எங்கம்மா ஓடுறது?" என்று சிரித்தார். டானிக் எழுதித் தருவார் என்று போனவளுக்கு, "தினம் ஒரு மணி நேரம் ஓட விடுங்க" என்பதுதான் மருந்தாகக் கிடைத்தது.

அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. இந்தப் பிள்ளை எப்போதிலிருந்து ஓடாமல் இருக்கிறான் என்று யோசித்துப் பார்த்தேன்.

2020 மார்ச் மாதம். எல்.கே.ஜி. முடிக்கும் சமயம். பள்ளியைச் சாத்தினார்கள். 25-ஆம் தேதியிலிருந்து நாடு முழுக்க ஊரடங்கு. நாலு வயதுப் பிள்ளை வாசல் கேட்டைப் பிடித்துக் கொண்டு நின்று, "அம்மா, தெருவுக்குப் போகட்டா?" என்று கேட்பான். "வெளிய போனா கொரோனா பிடிச்சுக்கும், போலீஸ் வந்துடும்" என்று மிரட்டி உள்ளே இழுத்து வருவேன். திருப்பூரில் போலீசாரின் ட்ரோனைப் பார்த்ததும் கேரம் போர்டைத் தூக்கிக் கொண்டு ஓடிய பையன்களின் வீடியோ ஞாபகம் இருக்கிறதா? எத்தனை தடவை பார்த்துச் சிரித்திருப்போம்! என் பிள்ளையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான். வெளியே போய் விளையாடுவது தப்பு, விளையாடினால் துரத்துவார்கள் என்றுதானே அந்தப் பிஞ்சு மனதில் பதிந்திருக்கும்?

அன்றைக்கு அப்படி அடைத்து வைத்தது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. உயிர் பயம். எங்கள் சொந்தத்திலேயே இரண்டு பேரைப் பறிகொடுத்தோம். பூட்டியது சரிதான். ஆனால் பூட்டைத் திறந்தோமா என்பதுதான் என் கேள்வி.

நம் தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரைக்கும் 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் பள்ளி திறந்தார்கள். கிட்டத்தட்ட 19 மாதம்! யு.கே.ஜி. முழுக்க போனிலேயே முடித்துவிட்டு, என் மகன் நேராக ஒன்றாம் வகுப்பில் போய் உட்கார்ந்தான். எழுத்து மறந்துவிட்டது, கூட்டல் வரவில்லை என்று நாம் எல்லோரும் கவலைப்பட்டோம். டியூஷன் வைத்தோம். அரசாங்கமும் 'இல்லம் தேடிக் கல்வி' என்று வீட்டுப் பக்கமே வந்து சொல்லிக் கொடுக்க ஏற்பாடு செய்தது. விட்டுப்போன பாடத்தை இப்படித் துரத்திப் பிடித்த நாம், விட்டுப்போன ஓட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசினோமா? நான் பேசவில்லை, சகோதரிகளே.

இன்னொன்றும் யோசித்தேன். நாம் சின்ன வயதில் விளையாட்டை யாரிடம் கற்றுக் கொண்டோம்? அம்மாவா சொல்லிக் கொடுத்தாள்? தெருவில் பெரிய அக்காக்களும் அண்ணன்களும் ஆடுவார்கள். நாம் போய் நிற்போம். "ஏய், இது சின்னப் புள்ள, ஒப்புக்குச் சப்பாணி" என்று சேர்த்துக் கொள்வார்கள். அவுட் ஆனாலும் அவுட் கிடையாது. அப்படியே கூட ஓடி, கூடக் கத்தி, பாண்டியும் கில்லியும் கல்லா மண்ணாவும் பழகிவிடுவோம். இரண்டு வருஷத்தில் நாமும் பெரியவர்களாகி, இன்னொரு வாண்டை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக் கொள்வோம். யாரும் பாடம் நடத்தாமலே ஒரு சங்கிலி மாதிரி வந்தது இது.

அந்தச் சங்கிலிதான் 2020-ல் அறுந்தது. அப்போது பத்து, பதினோரு வயதில் தெருவை ஆண்ட பிள்ளைகள், எல்லாம் சரியாகி வெளியே வந்தபோது ஒன்பதாவது, பத்தாவது என்று டியூஷன் பையைத் தூக்கிக் கொண்டு போய்விட்டார்கள். என் மகன் வயதுப் பிள்ளைகளுக்கோ சேர்த்துக் கொள்ள ஆளில்லை. போன் ஏற்கெனவே ஒரு கூட்டத்தைக் கட்டிப் போட்டிருந்தது வாஸ்தவம். ஆனால் "போனை வெச்சுட்டுப் போய் விளையாடுடா" என்று நாம் விரட்டினாலும், போய் என்ன செய்வது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாதே! என் மகன் ஒரு தடவை தெருவில் போய் நின்று, இங்கும் அங்கும் பார்த்துவிட்டு, ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்தான். "யாரும் இல்லம்மா" என்றான். அன்றைக்கு அதை நான் பெரிதாக எடுத்துக் கொள்ளவில்லை.

பெரியவள் கதை வேறு. 2020-ல் அவள் மூன்றாம் வகுப்பு. ஸ்கிப்பிங் கயிற்றைக் கீழே வைக்க மாட்டாள். பள்ளி திறந்து கொஞ்ச நாளிலேயே பெரிய மனுஷி ஆகிவிட்டாள். அப்புறம் என்ன? "வயசுக்கு வந்த புள்ளைக்குத் தெருவுல என்ன குதியாட்டம்?" என்று மாமியார் ஒரு வார்த்தை சொன்னார். நானும் சரி என்று விட்டுவிட்டேன். ஊருக்கெல்லாம் எடுத்த ஊரடங்கை அவளுக்கு மட்டும் எடுக்கவே இல்லை. என் வீட்டுக்குள் நானே அதை நீட்டித்துவிட்டேன்.

இது என் வீட்டில் மட்டும் நடந்த அநியாயம் இல்லை போலிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் கொரோனாவுக்கு முன்பே, 2016-ஆம் ஆண்டுக் கணக்கை வைத்து ஒரு விவரம் வெளியிட்டது. 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் உலகம் முழுக்க 81 சதவீதம் பேருக்குப் போதுமான ஓட்டம் ஆட்டம் இல்லையாம். அதில் பையன்கள் 78 சதவீதம், பெண் பிள்ளைகள் 85 சதவீதம். அப்போதே இந்த லட்சணம் என்றால், அதன்மேல் 19 மாதப் பூட்டையும் வைத்துப் பாருங்கள்.

5 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகள் தினமும் சராசரியாக 60 நிமிஷமாவது மூச்சு வாங்க, வியர்க்க ஆட வேண்டும் என்பது அதே நிறுவனம் 2020-ல் சொன்ன கணக்கு. வாரத்தில் மூன்று நாளாவது எலும்புக்கும் தசைக்கும் பலம் தருகிற மாதிரி குதிப்பது, ஏறுவது, வேகமாக ஓடுவது இருக்க வேண்டும். ஐந்து வயதுக்கு உட்பட்ட, நடக்கிற வாண்டுகளுக்கோ நாள் முழுக்கச் சேர்த்து மூன்று மணி நேரம்! எண்ணிப் பார்த்தால் பாண்டியும் கயிறு தாண்டுவதும் ஓடிப்பிடிப்பதும் இதைத்தான் காசில்லாமல் கொடுத்தன. குதிக்கும்போது எலும்பு உறுதிப்படுகிறது. ஓடும்போது இருதயமும் நுரையீரலும் பழகுகின்றன. வெளியே வெளிச்சத்தில் திரிகிற பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறது என்றும் கண் டாக்டர்கள் சொல்கிறார்கள். நம் தெருவில் மூக்குக் கண்ணாடி போட்ட பொடிசுகளை எண்ணிப் பார்த்தால் வயிறு கலங்குகிறது.

நீங்கள் கேட்கப் போவது எனக்குத் தெரியும். "ஏம்மா, தெருவுல விட்டா வண்டி மோதாதா? நாய் கடிக்காதா? காலம் கெட்டுக் கிடக்கு, பொம்பளப் புள்ளைய எப்படி வெளிய விடுறது?" நியாயமான பயம்தான். எனக்கும் உண்டு. அதனால் பிள்ளைகளைத் தனியாக விடச் சொல்லவில்லை. நாமும் கூடப் போவோம் என்கிறேன்.

"கராத்தே கிளாசில் சேர்த்திருக்கிறோமே" என்பவர்களும் உண்டு. நல்லதுதான். ஆனால் வாரத்தில் இரண்டு நாள், வண்டியில் உட்கார்ந்து போய், வண்டியில் உட்கார்ந்து வருகிற வகுப்பு மற்ற ஐந்து நாளுக்குக் காணாது. பணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகளையும் நினைக்க வேண்டுமே.

எங்கள் தெருவில் நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். நான் எதிர் வீட்டு அக்காவிடம் பழனிக் கதையைச் சொன்னேன். "எங்க வீட்லயும் இதே கதைதான்டி. மாடிப்படி ஏறச் சொன்னா முனகுறான்" என்றார் அவர். இன்னும் இரண்டு வீட்டில் பேசினோம். நாலு பேர் சேர்ந்தோம். சாயங்காலம் ஐந்தரை மணியிலிருந்து ஆறரை வரை. வெயில் காலத்தில் இன்னும் கொஞ்சம் தள்ளி. எங்களுடையது முட்டுச் சந்து. சந்து முனையில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, முறை வைத்து இரண்டு அம்மாக்கள் உட்கார்ந்து கொள்வோம். டூவீலர்காரர்கள் தானாக மெதுவாக வருவார்கள். நாற்காலியில் கீரை ஆய்வதும், வெங்காயம் உரிப்பதும் தாராளமாக நடக்கிறது.

முதல் நாள் ஆறு பிள்ளைகள் வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் சுவரோரம் நின்றார்கள். நான் ஒரு செங்கல் துண்டை எடுத்துத் தரையில் பாண்டிக் கட்டம் போட்டேன். சேலையைத் தூக்கிச் செருகிக் கொண்டு நொண்டியடித்துக் காட்டினேன். மாடியிலிருந்து யாரோ சிரித்தார்கள். சிரிக்கட்டுமே! இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் கால் அதை மறக்கவே இல்லை.

என் மகன் அன்று பத்து நிமிஷம் தாக்குப் பிடித்தான். மூன்றாம் நாள் விழுந்து முழங்கால் சிராய்த்துக் கொண்டான். நான் பதறி ஓடினேன். "விடு, அவனே எந்திரிப்பான்" என்றார் மாமியார், வாசல்படியில் இருந்தபடி. எழுந்தான். பார்த்தான். மறுபடி ஓடினான். சண்டையும் வந்தது. அவுட் என்று சொன்னால் ஒருத்தனும் ஒப்புக் கொள்ள மாட்டேன் என்கிறான். போனில் தோற்றால் உடனே முதலிலிருந்து ஆரம்பித்துவிடலாம். தெருவில் அடுத்த ஆள் முறை முடிகிறவரை காத்திருக்க வேண்டும். அந்தப் பொறுமையும் எங்கள் பிள்ளைகளிடம் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. ஒரு மாதம் ஆனது, "சரி, நான் அவுட்டு" என்று என் மகன் தானாகச் சொல்ல. பரீட்சையில் நூறு மார்க் வாங்கியபோதுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் இல்லை.

பெரியவளை முதலில் நாற்காலியில் எங்களோடு உட்கார வைத்துக் கொண்டேன், துணைக்கு என்று. அவள் கால் சும்மா இருக்குமா? இரண்டு வாரத்தில் கயிறு தாண்ட இறங்கிவிட்டாள். மாமியார் முகத்தைத் திருப்பிக் கொண்டார். "அத்தை, பழனியில நீங்க ஏறிட்டீங்க, உங்க பேரப்புள்ளைங்கதான் ஏற முடியாம தவிச்சாங்க. இவளும் நாளைக்குப் பிள்ளை பெறணும், குடும்பத்தைச் சுமக்கணும். உடம்புல தெம்பு வேண்டாமா?" என்று மெதுவாகச் சொன்னேன். பதில் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து, பாண்டி ஆட்டத்தின்போது வாசல்படியிலிருந்து ஒரு குரல் வந்தது: "ஏய், அவ கோடு மிதிச்சுட்டா! நான் பார்த்தேன்!" இப்போது எங்கள் தெருவுக்கு அவர்தான் நடுவர்.

இதெல்லாம் எல்லாத் தெருவிலும் நடக்குமா என்று கேட்டால், நடக்காது. மெயின் ரோட்டில் வீடு இருப்பவர்கள் பூங்காவுக்கோ, கோயில் திடலுக்கோ, மொட்டை மாடிக்கோதான் போக வேண்டும். மாடி என்றால் கைப்பிடிச் சுவர் உயரமாக இருக்கிறதா என்று பார்த்து, பெரியவர் ஒருவர் கட்டாயம் கூட இருக்க வேண்டும். ரொம்ப நாள் ஓடாத பிள்ளையை எடுத்த எடுப்பில் ஒரு மணி நேரம் ஓட விடாதீர்கள். பத்து நிமிஷத்தில் ஆரம்பித்துக் கூட்டிக் கொண்டே போகலாம். இளைப்பு, நெஞ்சு வலி, மயக்கம் என்று எந்தப் பிள்ளை சொன்னாலும் முதலில் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

பள்ளிக்கூடத்தையும் நாம் கேட்க வேண்டும். வாரத்தில் ஒன்றோ இரண்டோ வருகிற பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சரும் அறிவியல் டீச்சரும் கடன் வாங்கிக் கொள்வது நாம் படித்த காலத்திலிருந்தே உள்ள வழக்கம். கடன் என்றால் திருப்பித் தர வேண்டாமா? 2023-ல் நம் சட்டசபையிலேயே இதைப் பற்றிப் பேச்சு வந்தது. ஆனால் பெற்றோர் கூட்டத்தில் போய் உட்கார்ந்ததும் நாம் என்ன கேட்கிறோம்? "மிஸ், மேத்ஸ்ல ஏன் மார்க் குறைஞ்சது?" அவ்வளவுதான். இந்தத் தடவை நான் எழுந்து, "இந்த மாசம் எத்தனை பி.டி. பீரியடு நடந்துச்சு மிஸ்?" என்று கேட்டேன். அந்த ஹாலில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு பின்னாலிருந்து இன்னும் மூன்று அம்மாக்கள், "ஆமா மிஸ், எங்க புள்ளையும் சொல்றான்" என்றார்கள். நாம் எல்லோரும் கேட்டால்தான் நடக்கும்.

"எங்களுக்கு எங்கே நேரம்?" என்ற கேள்விக்கும் வருகிறேன். உண்மையைச் சொல்லட்டுமா? என் மகன் கையில் போனைக் கொடுத்தது கொரோனா என்று நானும் ரொம்ப நாள் சொல்லிக் கொண்டு திரிந்தேன். ஆன்லைன் வகுப்புக்காக வாங்கியதுதான். ஆனால் வகுப்பு நின்ற பிறகும் அதைத் திருப்பி வாங்காமல் விட்டவள் நான். அவன் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தால் எனக்குச் சமையல் நிம்மதியாக நடந்தது, சீரியலும் தடையில்லாமல் ஓடியது. அந்த ஒரு மணி நேரத்தைத்தான் இப்போது தெருவில் கொடுக்கிறேன். சீரியல் எங்கேயும் போய்விடவில்லை.

அறுந்துபோன சங்கிலியில் மிச்சம் இருக்கிற கண்ணி நாம்தான், தோழியரே. கில்லிக்கு எவ்வளவு நீளக் குச்சி வேண்டும், பம்பரத்துக்குச் சாட்டையை எப்படிச் சுற்ற வேண்டும், பாண்டியில் எந்தக் கட்டத்தில் காலை ஊன்றலாம் என்று தெரிந்த கடைசி ஆட்கள் நாமும் நம் வீட்டுக்காரர்களும்தான். நாம் சொல்லிக் கொடுக்காவிட்டால் அடுத்து யாருக்கும் தெரியாது. ஒரே ஒரு தலைமுறைக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டால் போதும். அதற்குப் பிறகு பிள்ளைகளே பார்த்துக் கொள்வார்கள். போன வாரம் புதுசாகக் குடிவந்த வீட்டு மூன்று வயது வாண்டு ஒன்று சந்து முனையில் வந்து நின்றது. என் மகன் ஓடிப்போய் அதன் கையைப் பிடித்து இழுத்து வந்து, "இவனும் ஆட்டத்துக்கு உண்டு, ஒப்புக்குச் சப்பாணி!" என்று கத்தினான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வருகிற தை மாதம் மறுபடி பழனிக்குப் போகிறோம். இந்தத் தடவை பாட்டிக்கு முன்னால் மேலே போய் நிற்பேன் என்று சின்னவன் பந்தயம் கட்டியிருக்கிறான். "பார்க்கலாம்டா" என்று பாட்டியும் சொல்லியிருக்கிறார். அவன் ஜெயிப்பானோ மாட்டானோ, வின்ச் டிக்கெட் வாங்குவதாக இல்லை.

இன்று சாயங்காலம் ஐந்தரை மணிக்கு உங்கள் வீட்டு வாசல் கதவைக் கொஞ்சம் திறந்து வையுங்களேன்!

- ஒரு வாசகி, மதுரை